அம்மாவின் ஈறும் சர்க்கரையும்: ஊரில் பல் பார்த்த அனுபவம்

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதுதான் பல் வேலையையும் பெற்றோரின் மருத்துவப் பரிசோதனைகளையும் முடிக்கிறோம். இந்த முறை நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மாத்திரை தவறுவதில்லை, சாப்பாட்டிலும் கட்டுப்பாடுதான். ஆனாலும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதாக இல்லை. பல் தேய்த்தால் இரத்தம் வேறு. வலி இல்லாததால், வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. அதனாலேயே முற்றிய பிறகுதான் பலர் டாக்டரிடம் போகிறார்கள்.

முதலில் போன கிளினிக்கில் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. வாயை ஒரு பார்வை பார்த்தார்கள். ஆடுகிற பற்களை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்றார்கள். சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. ஈறு நோயையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவராமல் இம்ப்ளான்ட் வைத்தால், அதைச் சுற்றியும் அதே தொற்று வரலாம். கிளம்பிவிட்டோம்.

அடுத்து ஈறு சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனோம். வெகுநேரம் உட்கார வைத்தார்கள், அது ஒன்றுதான் குறை. அவர் முதலில் கேட்டது சர்க்கரை ரிப்போர்ட்டை. அப்புறம் பிரஷர் மாத்திரையின் பெயர். அம்லோடிபின் போன்ற சில மாத்திரைகளால் ஈறு தடித்து வளரலாமாம். பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் அளந்தார். "மூணு, ரெண்டு, மூணு" என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார். 3 வரை சரி, 4 அல்லது அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கடைவாய்ப் பக்கம் போனதும் "ஆறு, அஞ்சு, ஏழு" என்றார். எக்ஸ்ரேயில் அந்த இடங்களில் எலும்பு இறங்கியிருந்தது.

"அம்மா, இந்தப் பைக்குள்ள கிருமி இருக்கிற வரைக்கும் உடம்பு அதோட சண்டை போட்டுக்கிட்டே இருக்கும்" என்று அவர் பொறுமையாக விளக்கினார். அந்த அழற்சியில் சுரக்கும் பொருட்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை ஈறு ஆறுவதைத் தடுக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைச் சரிசெய்வது கஷ்டம். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை கொடுத்தால் மூன்று மாதச் சராசரி ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரைக்கு அது மாற்று அல்ல, ஆனால் சின்ன விஷயமும் அல்ல.

மாரடைப்பும் வருமாமே என்று கேட்டேன். பயமுறுத்தாமல் பதில் சொன்னார். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்படுகிறது. ஆனால் புகை, சர்க்கரை இரண்டும் இரண்டு நோய்க்குமே காரணம். ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் பல் சுத்தம் செய்வதற்கு முன்பே டாக்டரிடம் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிருமி இரத்தத்தில் கலந்து வால்வில் தொற்றிக்கொள்ளலாம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னாரே, அதனால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

ஸ்கேலிங் (பல்லில் இறுகிய காரையைச் சுரண்டி எடுப்பது) செய்தால் பல் ஆடும் என்று அத்தை பயமுறுத்தியிருந்தார். உண்மையில் எலும்பு தேய்ந்ததால்தான் பல் ஆடுகிறது. காரையை எடுத்ததும் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். மரத்துப்போக ஊசி போட்டு, சில தவணைகளாகப் பைக்குள் ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். பல்லிடுக்குப் பிரஷ்ஷைக் கண்ணாடி முன் அம்மாவையே பிடித்துச் செய்யச் சொன்னார்கள். வெறும் ஈறு வீக்கம் என்றால் முழுதாகச் சரியாகிவிடும், இறங்கிய எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது என்பதையும் மறைக்கவில்லை.

எனக்கு ஆதங்கம் சர்க்கரை மருத்துவமனை மேல்தான். வருடா வருடம் கண், சிறுநீரகம், பாதம் எல்லாம் பார்த்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னதே இல்லை. பல் டாக்டரிடம் ஈறை அளந்து எழுதிய சார்ட்டின் நகலைக் கேட்டு வாங்கிச் சர்க்கரை டாக்டரின் ஃபைலில் சேர்க்கச் செய்தேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையையும் அதே வாரத்தில் வைத்துக்கொள்ளத் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.