மாடல் ராக்கெட் ஏவும் கருவிகள்: பல சீசன் பயன்படுத்திய பிறகு

அமெரிக்காவில் மாடல் ராக்கெட் விடும் பொழுதுபோக்கைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஹாபி கடையில் ஒரு லாஞ்ச் செட்டைத்தான் வாங்குகிறார்கள். பெட்டியில் ராக்கெட், பிளாஸ்டிக் முக்காலி, ராக்கெட்டை நேராகக் கிளப்பும் கம்பியான ராட், பட்டன் உள்ள கன்ட்ரோலர் எல்லாம் இருக்கும். மோட்டார், அதைப் பற்றவைக்கும் சின்னக் கம்பியான இக்னைட்டர், பாராசூட்டைச் சூட்டிலிருந்து காக்கும் வாடிங் தாள், பேட்டரி ஆகியவற்றைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். A8-3, B6-4 மோட்டார்களில் (A, B, C, D என எழுத்து ஏற ஏற மோட்டாரின் சக்தியும் ஏறும்) பறக்கும் சின்ன ராக்கெட்டுகளுக்கு இந்த செட் தாராளமாகப் போதும். ஒரு சீசன் தாண்டியதும் முதலில் தகராறு செய்வது ராக்கெட் இல்லை, ஏவும் கருவிதான். அடுத்த ராக்கெட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் கன்ட்ரோலருக்கும் வயருக்கும் செலவழியுங்கள்.

பட்டனை அழுத்தியும் ராக்கெட் கிளம்பவில்லை என்றால் எல்லோரும் மோட்டாரைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு கரன்ட்டில் இருக்கும். இக்னைட்டரின் மின்தடை சுமார் 0.7 ஓம், பற்ற 2 ஆம்பியர் அளவுக்காவது வேண்டும். புதிய AA செல் நான்கு போட்டால் 6 வோல்ட் கிடைக்கும், உள்தடை எல்லாம் போக 3 ஆம்பியர் வரை வரும். குளிரிலும், செல் பழசானாலும் உள்தடை ஏறிவிடும், கரன்ட் 2 ஆம்பியருக்குக் கீழே போய்விடும். ஆனாலும் கன்ட்ரோலரில் விளக்கு எரியும், ஏனென்றால் அதற்குத் தேவை துளி கரன்ட்தான். விளக்கு எரிந்தால் சுற்று முழுதாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், செல்லில் பலம் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

வயரும் அப்படித்தான். பாதுகாப்பு விதிப்படி D மோட்டார் வரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி தள்ளி நிற்க வேண்டும். அதற்காகக் கையில் கிடைத்த 24 கேஜ் மெல்லிய வயரை (கேஜ் எண் ஏற ஏற வயர் மெலியும்) ஒட்டி நீட்டினால், 30 அடிக்குப் போக வர 60 அடி, அதன் தடை மட்டும் ஒன்றரை ஓம். இக்னைட்டரின் தடையைப் போல இரண்டு மடங்கு! அதே நீளத்துக்கு 18 கேஜ் வயர் என்றால் 0.4 ஓம்கூட வராது.

நிரந்தரத் தீர்வு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் சீல்டு லெட்-ஆசிட் பேட்டரி, அதாவது சின்ன UPS-க்குள் இருப்பது. அதை 6 வோல்ட் கன்ட்ரோலரில் இணைக்காதீர்கள். விளக்கு போய்விடும், பட்டன் முனை உருகி ஒட்டிக்கொள்ளும். தனிப் பெட்டி கட்டுங்கள்: 15 ஆம்பியர் ஃபியூஸ், கழற்றக்கூடிய பாதுகாப்புச் சாவி, கையை எடுத்தால் தானே அணையும் பட்டன், 30 ஆம்பியர் கார் ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்), சோதனை விளக்குக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு LED, 30 அடி 18 கேஜ் வயர். சாவியும் பட்டனும் ரிலே காயிலுக்குத் தொடராக இருக்க வேண்டும். ஃபியூஸை விட்டுவிடாதீர்கள், ஷார்ட் ஆனால் இந்த பேட்டரி வயரையே உருக்கிவிடும். சீசன் முடிந்ததும் மூலையில் போட்டுவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் பல வருஷம் உழைக்கும்.

அடுத்தது வயர் நுனியில் இக்னைட்டரைக் கவ்விப் பிடிக்கும் க்ரோக்கடைல் கிளிப். ஒவ்வொரு ஏவலுக்குப் பிறகும் பல்லில் கருஞ்சாம்பல் படிகிறது. மோட்டாரில் எரியும் கருமருந்தின் சாம்பல் ஈரத்தை இழுக்கும்; ஒரு வாரத்தில் பல்லிடுக்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். 220 எண் உப்புத்தாள் துண்டு ஒன்றை முக்காலியின் காலிலேயே கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு தேய் தேயுங்கள். வருஷம் ஒருமுறை கிளிப்பையே மாற்றிவிடலாம், அதிக விலையில்லை.

முக்காலியின் மேல் தீயைத் தடுக்க இருக்கும் இரும்புத் தகட்டில் ராக்கெட் நேராக உட்கார்ந்தால் இரண்டு கிளிப்பும் தகட்டைத் தொட்டு ஷார்ட் ஆகும். ராடில் தகட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே ஒரு மரத் துணிக் கிளிப்பை மாட்டி, அதன்மேல் ராக்கெட்டை நிறுத்துங்கள். வயரின் கனம் இக்னைட்டரைக் கீழே இழுக்காதபடி முக்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். நுனியில் தீப்பற்றும் மருந்துப் பூச்சு இல்லாத இக்னைட்டர் என்றால் இது ரொம்ப முக்கியம்: முனை மோட்டாரின் கருமருந்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலும் கம்பி சும்மா சிவந்து அறுந்துவிடும். அப்படிக் கிளம்பாமல் போனால் சாவியை எடுத்துவிட்டு, 60 விநாடி கழித்துத்தான் கிட்டே போக வேண்டும்.

செட்டோடு வரும் 3.2 மி.மீ. ராட் இரண்டு துண்டாக இருந்தால், இணைப்பைக் கையால் தடவிப் பாருங்கள். நகத்தில் மாட்டும் விளிம்பு இருந்தால் ராக்கெட்டின் பக்கவாட்டில் ராடைக் கோத்துக்கொள்ளும் சின்னக் குழாயான லாஞ்ச் லக்கும் அதில் மாட்டும். அரம் போட்டுச் சமமாக்குங்கள். D12 மோட்டாரில் கனமான ராக்கெட் விடும்போது இந்த ராட் வளைந்து ஆடும், ராக்கெட் சாய்ந்து கிளம்பும். அதற்கு 4.8 மி.மீ. ஒற்றை ராட் வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தால் படிந்த சாம்பலும் துருவும் போய்விடும். ராடின் நுனி குனிபவர் கண்ணுக்கு நேரே நிற்கும், எனவே அதற்கு மூடி கட்டாயம். சாவியையும் மூடியையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால், மூடி ராடில் இருக்கும்வரை சாவி கன்ட்ரோலருக்குப் போகவே முடியாது.

பிளாஸ்டிக் முக்காலி காற்றில் சாயும். காலுக்கு ஒரு கூடார முளை அடித்தால் போதும். மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் காற்றடித்தால் ஏவவே கூடாது. சுற்றிக் காய்ந்த புல் இருந்தால் வேறு இடம் பாருங்கள். இல்லாவிட்டாலும் ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஊருக்குப் போகும்போது அக்கா பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று மோட்டாரைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, விமானத்தில் அதற்கு அனுமதியே இல்லை.