கரையில் நிற்பவள், கப்பலில் போகிறவன்: போர்த்துகீசியக் கவிதையை எங்கிருந்து தொடங்கலாம்?

போர்த்துகீசியக் கவிதை படிக்க வேண்டும், யாரிடமிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வரும். பழசு வேண்டுமென்றால் கமோயிஷ், புதுசு வேண்டுமென்றால் பெஸோவா. இரண்டும் தப்பான பதில் இல்லை. ஆனால் என் கட்சி வேறு. கமோயிஷுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பு பாடிய ஆட்கள் இருக்கிறார்கள். கமோயிஷுக்கும் பெஸோவாவுக்கும் நடுவே, அப்பாவின் இரும்புக்கடையில் கணக்கு பார்த்துக்கொண்டே எழுதி, 31 வயதில் காசநோயில் செத்துப்போன ஒருவர் இருக்கிறார். இவர்களை ஒதுக்கிவிட்டு மற்ற இருவரை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

ஏழு நூற்றாண்டுக் கவிதையை ஒரே தராசில் நிறுப்பது கஷ்டம். அதனால் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்: கடலை எங்கிருந்து பார்க்கிறாய், கரையிலிருந்தா, கப்பலிலிருந்தா?

முதலில் ட்ரூபதூர்கள், அதாவது பாட்டும் மெட்டும் கட்டிய இடைக்காலக் கவிஞர்கள். 1200-ஐ ஒட்டித் தொடங்கி 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்கில் காதலைப் பாடுவதற்கென்றே இருந்த மொழி கலீசிய-போர்த்துகீசியம். பக்கத்து நாடான காஸ்டீலின் அரசர் பத்தாம் அல்போன்சோகூட மரியன்னைப் பாடல்களை இந்த மொழியில்தான் கட்டினார். பக்திப் பாடல்களைத் தள்ளிவிட்டால், இன்று கையில் இருப்பவை சுமார் 1,680. இவை மூன்று பெரிய தொகைச் சுவடிகளில் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டு, 16-ஆம் நூற்றாண்டில் ஆஞ்சலோ கொலோச்சி என்ற இத்தாலிய அறிஞருக்காகப் படியெடுக்கப்பட்டவை. அந்த மனிதருக்கு இந்த ஆசை வராமல் போயிருந்தால் பெரும்பகுதி போயே போயிருக்கும்.

பாடல்களில் மூன்று வகை. ஆண் பேசும் காதல் பாட்டு ஒன்று. பெண் பேசும் காதல் பாட்டு இன்னொன்று, இதற்குக் 'கான்டிகா டி அமிகோ' என்று பெயர். இங்கே 'அமிகோ' என்றால் நண்பன் அல்ல, காதலன். மூன்றாவது வசைப்பாட்டு.

ஆண் பேசும் பாட்டு எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். பிரான்சின் தெற்கே புரொவென்ஸில் வளர்ந்த பாணி அது: தலைவி உயரத்தில் இருப்பாள், இவன் கீழே நின்று செத்துக்கொண்டே இருப்பான். போர்த்துகல் மன்னர் டினிஷுக்கே இந்தச் சடங்கின் மீது ஒரு கிண்டல் இருந்திருக்கிறது. புரொவென்ஸ்காரர்கள் நன்றாகத்தான் பாடுகிறார்கள், ஆனால் பூப்பூக்கும் காலத்தில் மட்டும் பாடுகிறவனுக்கு என் அளவு வலி கிடையாது என்று ஒரு பாட்டில் சொல்கிறார். வசைப்பாட்டு வேறு ரகம், படு ஜாலி. என்னைப் பற்றி நீ ஒரு பாட்டும் பாடவில்லையே என்று குறைப்பட்ட சீமாட்டிக்கு ஜோவாங் கார்சியா டி கில்யாடே பதில் எழுதினார்: சரி அம்மா, இதோ உன்னைப் புகழ்கிறேன் என்று தொடங்கி, ஒவ்வொரு செய்யுளையும் 'அழகில்லாதவளே, கிழவியே, பைத்தியமே' என்று முடிக்கிறார்.

பெண் பேசும் பாட்டுதான் இவர்களின் தனிச் சொத்து. ஒரு பெண், சில சமயம் அவள் அம்மா, சில சமயம் தோழி. ஒரு நீரூற்று அல்லது கடல். காதலன் பெரும்பாலும் இல்லை, போயிருக்கிறான். நெய்தல் பாட்டு படித்த கண்ணுக்கு இந்த இடம் அந்நியமாக இருக்காது, ஆனால் 'அப்போதே நாம்' என்று தோளைத் தட்டிக்கொள்ள இங்கே ஒன்றுமில்லை. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

டினிஷின் ஒரு பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சைப் பைன் மரத்துப் பூக்களே, என் காதலனைப் பற்றிச் சேதி தெரியுமா? ஐயோ கடவுளே, அவன் எங்கே? அடுத்த செய்யுள்: பச்சைக் கிளையின் பூக்களே, என் அன்பனைப் பற்றிச் சேதி தெரியுமா? ஐயோ கடவுளே, அவன் எங்கே? மரம் கிளையாகிறது, காதலன் அன்பனாகிறான், மற்றதெல்லாம் அப்படியே. பிறகு முதல் செய்யுளின் இரண்டாவது அடி மூன்றாம் செய்யுளின் முதல் அடியாக வந்து உட்காருகிறது, அந்தாதியைப் போல. அதோடு ஒரு புது அடி மட்டும் சேர்கிறது: சொன்ன சொல்லில் பொய் சொன்னவன். இரண்டடி முன்னால், ஒன்றரை அடி பின்னால் என்று நகர்கிற நடை. காத்திருக்கிறவளின் மனசும் அப்படித்தானே நகரும். எட்டுச் செய்யுளில் பாதி முடிந்ததும் பூக்களே பதில் சொல்கின்றன: நலமாக, உயிரோடு இருக்கிறான், சொன்ன தவணைக்குள் வந்துவிடுவான். அதற்குப் பிறகும் பல்லவி மாறுவதில்லை. 'ஐயோ கடவுளே, அவன் எங்கே?' நல்ல சேதி வந்த பிறகும் அவள் நம்பவில்லை. இதை எழுதியவர் 1279 முதல் 1325 வரை நாட்டை ஆண்ட ராஜா. 1290-இல் பல்கலைக்கழகம் தொடங்கியவர். 137 பாடல்கள் விட்டுப்போனவர்.

மென்டினோ என்று ஒருவர். அவருடையதாகக் கிடைப்பது ஒரே ஒரு பாட்டு. வீகோ வளைகுடாவில் இருக்கும் சான் சிமோன் தீவின் சிறு கோயிலில் ஒரு பெண் காத்திருக்கிறாள். அலை ஏறுகிறது. படகோட்டியும் இல்லை, துடுப்பு பிடிக்கிறவனும் இல்லை, தனக்கும் படகு வலிக்கத் தெரியாது. இந்தப் பெரிய கடலில் அழகாகவே சாகப் போகிறேன் என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. கடல் இங்கே முழுக்க முழுக்கக் கரையிலிருந்து பார்க்கிற கடல்.

இதில் ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண் குரல் என்றாலும் எழுதியவர்கள் ஆண்கள். பெயர் தெரிந்த கவிஞர்களில் பெண் ஒருவர்கூடக் கிடையாது. இன்னொன்று, வீகோ இன்று ஸ்பெயினில் இருக்கிறது. அந்தப் பகுதியான கலீசியாவின் மக்கள் இவர்களைத் தங்கள் கவிஞர்கள் என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். 1998-ஆம் ஆண்டின் கலீசிய இலக்கிய நாளை மென்டினோவுக்கும், இதே வகைப் பாட்டுக் கட்டிய மார்ட்டின் கோடாக்ஸுக்கும் ஜோவாங் டி காங்கஸுக்கும் அர்ப்பணித்தார்கள்.

இப்போது கமோயிஷ். 1552-இல் லிஸ்பனில் ஒரு திருவிழா நாளில் அரண்மனை ஊழியர் ஒருவரைக் காயப்படுத்திச் சிறைக்குப் போனார், மன்னிப்பு வாங்கினார், அடுத்த ஆண்டே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். வலது கண்ணை அதற்கு முன்பே மொராக்கோ கரையிலிருக்கும் செயூத்தாவில் இழந்திருந்தார். அவர் கவிதை முதன்முதலில் அச்சேறியது கோவாவில், 1563-இல், கார்சியா ட ஓர்ட்டா எழுதிய மூலிகை மருந்துகள் பற்றிய புத்தகத்துக்குள். வாஸ்கோ ட காமாவின் பயணத்தைப் பாடும் 'லூசியாத்' காவியம் 1572-இல் வந்தது: 10 காண்டம், 1,102 எட்டடிச் செய்யுள்.

ட்ரூபதூர்களோடு ஒப்பிட்டால், கவிதை கப்பலில் ஏறிவிட்டது. புயல், ரோமானியத் தெய்வங்களான ஜூபிட்டரும் வீனஸும் பாக்கஸும், நன்னம்பிக்கை முனையில் எழுந்து நிற்கும் அடமஸ்டோர் பூதம், கோழிக்கோடு. பத்தாம் காண்டத்தில் நம் மயிலாப்பூர்கூட வருகிறது: கரை ஒதுங்கிய ஒரு பெரிய மரத்தை ராஜாவின் யானைகளாலும் அசைக்க முடியவில்லை, புனித தோமா தன் இடுப்புக் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார். ரசித்துப் படிக்கலாம். ஆனால் உள்ளதைச் சொன்னால், அரசர் வரிசையும் போர் வரலாறும் வரும் காண்டங்களில் எனக்குப் பல இடத்தில் தூக்கம் வந்தது. மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் 1655-இல் ஃபேன்ஷாவிலிருந்து எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். 1776-இல் மிக்கிள் என்பவர் தன் கைச்சரக்கையும் தாராளமாகச் சேர்த்துவிட்டார்.

அப்படியும் நான்காம் காண்டத்தின் கடைசிப் பகுதிக்காக இந்தக் காவியத்தை மன்னிக்கலாம். கப்பல்கள் புறப்படுகின்றன. ஒரு தாய், மீனுக்கு இரையாகவா போகிறாய் மகனே என்கிறாள். ஒரு மனைவி கேட்கிறாள்: அந்த உயிர் என்னுடையது, உன்னுடையது இல்லை, அதை எதற்குக் கோபக்காரக் கடலில் கொண்டுபோய்ப் போடுகிறாய்? பிறகு கப்பல் புறப்படும் லிஸ்பனின் ரெஸ்டெலோ கரையில் நிற்கும் கிழவன், புகழ் என்ற பெயரில் நீங்கள் தேடுவது வெறும் பேராசை என்று சாபமே விடுகிறான். கப்பலைப் புகழ எழுதிய காவியத்தில், கப்பலுக்கு எதிரான பேச்சுத்தான் காதில் தங்குகிறது. டினிஷின் பெண் இங்கேயும் கரையில் நிற்கிறாள். ஆனால் காமா, மனம் மாறிவிடும் என்று பயந்து, வழக்கமான விடைபெறல்கூட இல்லாமல் தன் ஆட்களைக் கப்பல் ஏற்றிவிடுகிறான்.

காவியக் கமோயிஷை விடச் சின்னக் கவிதைக் கமோயிஷ் என் விருப்பம். வெறுங்காலோடு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் லியனோரைப் பற்றிய பாட்டு இருக்கிறது: அழகாகப் போகிறாள், ஆனால் பத்திரமாக இல்லை. ஊற்றும் பெண்ணும் நேரே ட்ரூபதூர்களிடமிருந்து இறங்கி வந்தவை. பார்பரா என்ற கறுப்பு அடிமைப் பெண்ணுக்கு எழுதியது இன்னும் விசேஷம். என்னைச் சிறைப்பிடித்த கைதிப் பெண், அவள் நிறத்தைப் பார்த்துப் பனியே தன் நிறத்தை மாற்றிக்கொள்ளச் சத்தியம் செய்கிறது என்கிறார். தங்கநிறக் கூந்தலைத் தவிர வேறெதையும் பாடாத காலத்தில் இது துணிச்சல். ஆனால் நிஜத்தில் சிறைப்பட்டிருப்பது அவள்தான். அவள் வாயால் ஒரு சொல்கூட வருவதில்லை. இந்த விஷயத்தில் பழைய ட்ரூபதூர்கள் ஒரு படி மேல். கடன் வாங்கிய குரலாக இருந்தாலும் பெண்ணைப் பேச விட்டார்கள்.

நடுவில் பொக்காஜ். 1765-இல் பிறந்தவர், கடற்படை ஆளாகக் கோவா வந்தார், பணியை விட்டு ஓடினார், மக்காவ் வழியாக ஊர் திரும்பினார். கமோயிஷே, உன் விதியும் என் விதியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு சானட், அதாவது பதினான்கு அடிக் கவிதை. கடைசியில், கஷ்டத்தில் உன்னைப் போல இருக்கிறேன், திறமையில் இல்லையே என்று தானே ஒப்புக்கொள்கிறார். இவரைத் தொடக்கமாக நான் சிபாரிசு செய்யமாட்டேன். கமோயிஷ் தெரிந்த பிறகு படித்தால்தான் அந்த நகைப்பு புரியும்.

என் இரும்புக்கடைக்காரருக்கு வருகிறேன். செஸாரியோ வெர்ட், 1855 முதல் 1886 வரை. 1880-இல் கமோயிஷ் இறந்து 300 ஆண்டு ஆனதை நாடே கொண்டாடியது. அதற்கான சிறப்பு வெளியீட்டில் இவர் ஒரு நீண்ட கவிதை கொடுத்தார். விழாக் கவிதை எழுதச் சொன்னால் இவர் எழுதியது சாயங்காலம் லிஸ்பன் தெருவில் நடந்துபோவதை. ஆற்றில் நிற்பது இங்கிலாந்துக்காரனின் போர்க்கப்பல். ஓட்டல்களில் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டுகள் சத்தமிடுகின்றன. இவர் கரையில் நின்று பழைய கப்பல்களை நினைத்துப் பார்க்கிறார்: தெற்குக் கடலில் ஒரு கையெழுத்துப் பிரதியைக் காப்பாற்ற கமோயிஷ் நீந்துகிறார், நான் ஒருபோதும் பார்க்கப்போகாத கப்பல்கள் போகின்றன. அடுத்து மீன்காரிகள் கூட்டமாக வருகிறார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை வெறுங்காலோடு படகில் நிலக்கரி இறக்குகிறவர்கள். அழுகிய மீன் நாறும் பேட்டையில் அடைந்து வாழ்கிறவர்கள். அவர்களில் சிலர் தலைக்கூடையில் பிள்ளையை வைத்துத் தாலாட்டிக்கொண்டே போகிறார்கள். பின்னால் புயலில் மூழ்கப்போகிற பிள்ளைகளை.

அந்தக் கூடை போதும் எனக்கு. கமோயிஷின் தாய் துறையில் நின்று நீளமாகப் பேசினாள். இவள் பேசவே இல்லை, வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். விழாக்காலத்தில் இந்தக் கவிதையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் புத்தகமே செத்த பிறகு, 1887-இல், நண்பர் சில்வா பின்டோ தொகுத்து வந்தது.

பெஸோவாவுக்கு இவரைப் பிடித்திருந்தது. அவர் உருவாக்கிய அல்பெர்டோ கையெய்ரோ என்ற கற்பனைக் கவிஞர், கண் எரியும் வரை செஸாரியோ வெர்ட் புத்தகத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பதாக ஒரு கவிதையே இருக்கிறது. அப்படிப்பட்ட பெஸோவா, வாழ்ந்த காலத்தில் வெளியிட்ட ஒரே போர்த்துகீசியக் கவிதை நூலான 'மென்சாஜெ'மில் (1934) என்ன செய்கிறார்? உப்புக்கடலே, உன் உப்பில் எவ்வளவு போர்த்துகலின் கண்ணீர் என்று கேட்கிறார். எத்தனை தாய்மார் அழுதார்கள், எத்தனை பெண்கள் கல்யாணமாகாமல் நின்றுவிட்டார்கள் என்று வரிசை போடுகிறார். பிறகு, ஆன்மா சின்னதாக இல்லாவிட்டால் எல்லாமே தகும் என்று கணக்கை முடித்துவிடுகிறார். கம்பீரமான வரி, நாடே மனப்பாடமாகச் சொல்கிறது. கூடையில் இருந்த பிள்ளையை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் எனக்கு வாய் கசக்கிறது. அதே நூலில் டினிஷுக்கு ஒரு கவிதை உண்டு, ராத்திரியில் காதல் பாட்டு எழுதிக்கொண்டே வருங்காலக் கப்பல்களை நடுகிறவர் என்று. கமோயிஷுக்கு மட்டும் அதில் இடமே இல்லை. பெஸோவாவின் பெருமை வேறு இடங்களில் இருக்கிறது. கடல் கேள்விக்கு அவர் விடை கப்பல் பக்கம்.

ஆக, காவியம் படித்துப் பழகியவர், பொறுமை உள்ளவர் என்றால் லூசியாத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் காண்டங்களை எடுத்துக்கொள்ளலாம். நகரக் கவிதை பிடிக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம், செஸாரியோ. எதுவும் தெரியாது, இன்றைக்கு அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றால் மார்ட்டின் கோடாக்ஸின் ஏழு பாடல்கள். 'வீகோ கடலின் அலைகளே, என் காதலனைப் பார்த்தீர்களா' என்பதுதான் முதல் பாட்டு. ஏழும் ஒரே தோல் தாளில் இருக்கின்றன. பழைய ரோமானிய எழுத்தாளர் சிசெரோவின் ஒரு நூலுக்கு அட்டையாகக் கிடந்த அந்தத் தாளை 1914-இல் மாட்ரிட் புத்தக வியாபாரி பெட்ரோ வின்டெல் கண்டெடுத்தார். இப்போது நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. மெட்டும் சேர்த்தே எழுதியிருப்பதால் பாடியே கேட்கலாம், பல குழுக்கள் பதிவு செய்திருக்கின்றன. ஆறு பாடல்களுக்குத்தான் மெட்டு உண்டு. ஆறாவது பாட்டுக்கு மட்டும் எழுதப்படவில்லை. வீகோவின் கோயில் முற்றத்தில் அந்தப் பெண் நடனம் ஆடுவது அந்தப் பாட்டில்தான்.