செபீடா, ஆர்.ஆர். லைரேவா: பால்வீதியை அளக்க எது தோது?

இரண்டுமே வீங்கிச் சுருங்கி ஒளி மாறும் விண்மீன்கள். ஒளி மாறும் விதத்திலிருந்து உண்மையான பிரகாசம் தெரியும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். செபீடுகளில் துடிப்பு நீள நீளப் பிரகாசமும் கூடும் என்று 1912-இல் வானியலாளர் ஹென்ரியட்டா லீவிட் காட்டினார்.

செபீடுகள் வயது குறைந்தவை, சூரியனைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு ஒளிர்பவை. அவை பால்வீதியின் தட்டையான முக்கியப் பகுதியான தட்டிலேயே கிடப்பதால் தட்டின் உருவத்தை அவற்றை வைத்தே வரையலாம். 2019-இல் சுமார் 2,400 செபீடுகளை வைத்துப் போட்ட வரைபடத்தில் தட்டு சமமாக இல்லை. விளிம்பு ஒரு பக்கம் மேலேறியும் மறுபக்கம் கீழிறங்கியும், வெயிலில் காய்ந்த அப்பளம்போல் நெளிந்திருந்தது. தூசிதான் தொல்லை. அது ஒளியை மங்கவைக்கும், தூரம் கூடுதலாகத் தோன்றும். அதனால் தூசி அவ்வளவாக மறைக்காத அகச்சிவப்பு ஒளியில் அளக்கிறார்கள்.

ஆர்.ஆர். லைரேக்கள் 1,000 கோடி ஆண்டைத் தாண்டிய கிழங்கள். வெளிச்சம் குறைவு, எண்ணிக்கை அதிகம். தட்டைச் சூழ்ந்த ஒளிவட்டம் என்ற பகுதியை அளக்கவும், பந்துபோல் நெருங்கிய விண்மீன் கூட்டங்களான கோளக் கொத்துகளை அளக்கவும் இவையே துணை.

தட்டின் நெளிவுக்கு நான் செபீடையே எடுப்பேன். ஓசூர் அருகே தளி, அஞ்செட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கும் அதுவே வசதி: திருவோண விண்மீனுக்குத் தெற்கே ஈட்டா அக்விலே என்ற செபீடு, சுமார் 7.2 நாளுக்கு ஒரு துடிப்புச் சுற்று, வெறுங்கண்ணே போதும். ஓசூர் நகர வெளிச்சத்தில் சந்தேகம்தான். மற்ற வகைக்குப் பெயர் தந்த ஆர்.ஆர். லைரே விண்மீனுக்கு பைனாகுலர் வேண்டும். ஆனால் அதன் சுற்று பதின்மூன்றரை மணி நேரம்தான், ஒரே இரவில் மாற்றம் தெரியும்.