எம்ட்டியாக வரும்போதுதான் தெரியும் பிக்கப்பின் குணம்

எஞ்சின், இழுவை, மைலேஜ் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒட்டன்சத்திரத்தில் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் வழியாகக் கொல்லங்கோடு போகும்போது வண்டி அலுங்காமல் போகும். பின்னால் ஒரு டன் உட்கார்ந்திருந்தால் வேகத்தடையைத் தாண்டியதே தெரியாது. லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் கூத்து ஆரம்பிக்கும். அதே ரோடு, அதே வேகம், ஆனால் பாலத்து இணைப்பு ஒவ்வொன்றிலும் பின்பக்கம் எகிறும். அடுக்கிக் கட்டிய காலிப் பெட்டிகள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் உடுமலை வருவதற்குள் தளர்ந்துவிடும். பழனியைத் தொடும்போது இடுப்பு நம்முடையதாக இருக்காது.

நியாயமாகப் பார்த்தால் இதை வண்டியின் கோளாறு என்று சொல்ல முடியாது. பின்னால் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் முழு லோடுக்குக் கணக்குப் போட்டு அடுக்கியவை. மேலே எடை இல்லாவிட்டால் அவை வளைய மறுக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் பட்டை அமுங்காமல் மொத்தத் தொட்டியையும் தூக்கிப் போடும். ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் சேர்ந்த கனம் வேறு கீழேயிருந்து குத்தும். காரணம் புரிகிறது, சரி. புரிந்தால் இடுப்பு வலி போய்விடுமா?

இதே வண்டியை வாங்கலாமா, வாங்கினால் ஸ்பிரிங்கை என்ன செய்யலாம் என்று மச்சான் ஒருவர் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். போன வாரம்தான் ஷேக்கிள் புஷ் (ஸ்பிரிங்கின் பின் நுனியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கு பட்டையில் இருக்கும் ரப்பர் வளையம்) மாற்றிவிட்டு வந்தேன் என்பதால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

ஸ்பிரிங் பக்கம் போவதற்கு முன்னால் டயர் காற்றைப் பாருங்கள். பிக்கப் என்றாலே காற்றுப் பிடிக்கும் கடையில் கேட்காமல் 60, 65 என்று ஏற்றிவிடுகிறார்கள். அது லோடுக்கு உண்டான காற்று. என் வண்டியில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வெறும் வண்டிக்கு என்று தனி அளவு இருக்கிறது. லோடு இறக்கியதும் பின் டயர்களை அந்த அளவுக்கு இறக்கினேன். குத்தல் பாதியாகக் குறைந்தது, காசும் செலவில்லை. தொல்லை என்னவென்றால், அடுத்த லோடுக்கு முன்னால் காற்றைத் திரும்ப ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் ஒரு டன்னை ஏற்றி வெயிலில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். அதற்காகச் சீட்டுக்கு அடியில் சின்ன கம்ப்ரசர் ஒன்று வைத்திருக்கிறேன். விடியாத நேரத்தில் மண்டி வாசலில் அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பெருமை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு ஷாக் அப்சார்பர். யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் மாற்றச் சொல்வார்கள், அதுவும் விலை கூடியதாக. ஷாக் எடையைத் தாங்குவதில்லை. எகிறிய பட்டை ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் அதன் வேலை. என்னுடையதில் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தது, மாற்றினேன். ஆட்டம் நின்றது. குத்தல் அப்படியே இருந்தது.

உண்மையில் ஆச்சரியப்படுத்தியது பட்டையும் புஷ்ஷும்தான். பட்டைகளுக்கு நடுவில் மண்ணும் துருவும் சேர்ந்துவிட்டால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் கவ்விக்கொள்கின்றன. சின்னப் பள்ளத்துக்கு ஸ்பிரிங் அசையவே அசையாது. செட்டைக் கழற்றியபோது நுனிகள் உரசும் இடத்தில் குழி விழுந்து, செங்கல் நிறத்தில் துரு கொட்டியது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, நுனிகளில் நைலான் பேட் வைத்து மாட்டினார்கள். புழுதி ரோட்டில் ஓடினால் கிரீஸ் மண்ணைப் பிடிக்கும், மறுபடி கழற்ற வேண்டி வரும். அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

பட்டை அமுங்கும்போது நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது பின்னால் தொங்கும் ஷேக்கிள். என் வண்டியில் அதன் ரப்பர் புஷ் கிழிந்து, உள்ளிருந்த போல்ட் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. நீள வழியில்லாத பட்டை எப்படி அமுங்கும்? சம்மட்டிக்கு மசியாமல் கடைசியில் கேஸ் கட்டர் வைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். புதுப் புஷ்ஷை மாட்டிய பையன், ஜாக்கியில் வண்டி தொங்கும்போதே போல்ட்டை இறுக்கப் போனான். பட்டறைப் பெரியவர் ஒரு அதட்டல் போட்டார். சக்கரம் தரையில் இறங்கி, வண்டி தன் எடையில் உட்கார்ந்து, இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டிய பிறகுதான் இறுக்கச் சொன்னார். தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடுமாம். முன்பு வேறொரு பட்டறையில் மாற்றிய புஷ் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது என்று அப்போதுதான் விளங்கியது. அங்கே கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பாலியூரிதேன் புஷ் போடச் சொல்பவர்களும் உண்டு. நன்றாக உழைக்கும்தான். ஆனால் ரப்பரைவிடக் கடினம், அதிர்வை அப்படியே உள்ளே அனுப்பும். சொகுசு வேண்டும் என்று செலவு செய்கிறவனுக்கு அது எதற்கு?

பட்டையில் ஒன்றை உருவிவிடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். சந்தையில் பழக்கமான ஒருவர் உருவினார். எம்ட்டியில் மெத்தையாகத்தான் போனது. லோடு ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கி, அதற்குமேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் இடித்தது. மிச்சமிருந்த பட்டைகள் அவ்வளவு பாரத்தையும் சுமந்து, ஒரு மழை நாளில் மெயின் பட்டை அதன் கண்ணுக்கு, அதாவது போல்ட் மாட்டும் நுனி வளையத்துக்குப் பக்கத்தில் முறிந்து, வண்டி நடுரோட்டில் நின்றது. உருவிய பட்டையைக் கொல்லரிடம் கொடுத்து அரிவாள் அடித்து வைத்திருக்கிறார். ஸ்பிரிங் இரும்பு அல்லவா, அரிவாள் மட்டும் பிரமாதம்.

மச்சானுக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வார நாளில் லோடு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயில் என்பது அவர் திட்டம். இவ்வளவு பார்த்த பிறகு என் வண்டி முன்னைக்கு எவ்வளவோ தேவலை. திரும்பி வரும்போது இப்போதெல்லாம் பாட்டு கேட்க முடிகிறது, பெட்டிச் சத்தமும் அடங்கிவிட்டது. ஆனாலும் வெறும் தொட்டியோடு ஓடும் பிக்கப்பைக் குடும்ப வண்டி என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. பட்டறை பில் இன்னும் சட்டைப் பையில் இருப்பதால் எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கலாம்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ உங்க வண்டியையே குடுத்துடுங்க மாமா, எல்லாம்தான் பாத்துட்டீங்களே" என்கிறார். அது நடக்காது. புதுப் புஷ் இப்போதுதான் படிந்து வருகிறது.