ஆக்ஸிலரேட்டரை ஃபுல்லா மிதிச்சா வண்டி இடது பக்கம் இழுத்துச்சு, மூணு அலைன்மென்ட்டுக்கு அப்புறம் இங்கதான் காரணம் தெரிஞ்சுது

நான் திருப்பூர். வண்டி 2015 டஸ்டர் ஆல் வீல் டிரைவ், 110 பிஎஸ் டீசல், 6 கியர் மேனுவல். கம்பெனி டார்க் (இஞ்சினோட முறுக்கு விசை) 248 என்எம், ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தறது) பண்ணதுக்கு அப்புறம் 300 பக்கம் வருது. கூடவே வண்டியை உயர்த்த முன்னாடி பின்னாடி 40 மிமீ லிஃப்ட் ஸ்பேசர் போட்டிருந்தேன். கோயமுத்தூர்ல இருக்கற இந்த வொர்க்‌ஷாப்புக்கு நான் வந்த காரணத்தை முழுசா எழுதறேன், ஏன்னா இதே பிரச்சினையோட சுத்தறவங்க நிறைய பேர் இருப்பீங்க.

சாதாரணமா ஓட்டுனா வண்டி நேராத்தான் போகும், கையை விட்டாக்கூட நேரா போகும். ஆனா செகண்ட் கியர்ல டர்போ ஏறுற நேரம் பார்த்து ஃபுல்லா மிதிச்சா ஸ்டியரிங் வெடுக்குனு இடது பக்கம் இழுக்கும், காலை எடுத்தா வலது பக்கம் ஒரு உதறு உதறிட்டு நேராகும். வால்பாறை ஏறும்போது ஒரு லாரியை ஓவர்டேக் பண்ண மிதிச்சேன், லாரி இருந்தது என் இடது பக்கம், வண்டி இழுத்தது லாரியைப் பார்த்து, உள்ள என் சம்சாரமும் பையனும் உக்காந்திருந்தாங்க. அன்னைக்கு வந்த பயம் இன்னும் போகல.

அதுக்கு முன்னாடி மூணு இடத்துல வீல் அலைன்மென்ட் (வீல் கோணம்) பார்த்தாச்சு, மூணு தடவையும் ஸ்கிரீன்ல எல்லாம் பச்சை. ஒரு இடத்துல ஸ்டியரிங் ராக்கே போயிடுச்சு மாத்தணும்னு 38 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தாங்க. நல்லவேளை மாத்தல.

இங்க வந்தப்ப மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தொடவே இல்லை, முதல்ல அரைமணி நேரம் கேள்வி. "எந்தப் பக்கம் இழுக்குது தம்பி, காலை எடுத்தா என்ன ஆகுது, பிரேக் அடிக்கறப்ப டொக்குனு ஒரு சத்தம் வருதா?" ஆமாங்ணா வருது, ரோடு சரியில்லைனு நினைச்சேன்னு சொன்னேன். அதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டாரு.

அப்புறம் நாலு டயர்லயும் காத்து சரிபண்ணி, முன்னாடி ரெண்டு வீலையும் இடது வலது மாத்திப் போட்டு ஓட்டிப் பார்த்தாரு. டயர்ல கோளாறுன்னா இழுக்கற பக்கம் மாறணுமாம், மாறல, அப்ப டயர் இல்லைனு முடிவு. இதுக்கு செலவு பூஜ்யம், மூணு அலைன்மென்ட் கடையிலயும் ஒருத்தரும் இதைப் பண்ணல. அடுத்து எந்த வீலுக்கு பவர் போகணும்னு மாத்தற மோடு திருகை டூ வீல்ல (முன் வீல் மட்டும்) வெச்சு ஒரு தடவை, ஆட்டோல (தேவைப்பட்டா பின்னாடியும்) ஒரு தடவை, லாக்ல (நாலு வீலும்) ஒரு தடவை, அதே காலி ரோடு, அதே செகண்ட் கியர். லாக் வேகம் கூடினா தானா ஆட்டோவுக்குப் போயிடும், அதனால மெதுவா ஆரம்பிச்சுத்தான் மிதிக்கணும்னு சொன்னாரு. டூ வீல்ல இழுப்பு ரொம்ப மோசம், லாக்ல பாதி கூட இல்லை. பின்னாடி வீலுக்கு பவர் பிரிஞ்சு போறப்ப குறையுதுன்னா கோளாறு முன்னாடிதான் இருக்கு, பின்னாடிக்கு பவரை அனுப்பற கப்ளிங்கும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரெண்டு கேள்விக்கும் ஒரே ஓட்டத்துல பதில் கிடைச்சுது, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

கடைசியா ஒரு சின்ன கேமராவை வீல் ஆர்ச்சுக்குள்ள காந்தத்துல ஒட்டி லோயர் ஆர்ம் (வீலைக் கீழ பாடியோட இணைக்கற கை) புஷ்ஷை, அதாவது அதோட ரப்பர் மூட்டைப் பார்க்கற மாதிரி வெச்சு ஓட்டுனோம். வீடியோவைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மிதிச்ச நொடி இடது பக்க ஆர்ம் முன்னாடி தாவுது, காலை எடுத்தா பின்னாடி வந்து இடிக்குது, வலது பக்கம் அசையவே இல்லை. லோயர் ஆர்மோட பின் புஷ் ரப்பர் உள்ளுக்குள்ள கிழிஞ்சிருக்கு. வண்டி நிக்கறப்ப அது ஒழுங்கா அதோட இடத்துல உக்காந்துக்குது, அலைன்மென்ட் மெஷின் அந்த நிலையைத்தான் அளக்குது, அதான் பச்சை. லோடு வந்தாத்தான் அந்த ஒரு வீல் மட்டும் நகர்ந்து டோ (வீல் உள்ள வெளிய திரும்பி நிக்கற கோணம்) மாறுது. பிரேக்ல வந்த டொக் சத்தமும் இதேதான்.

புஷ் ஏன் கிழிஞ்சுதுன்னு கேட்டதுக்கு சொன்ன பதிலுக்காகவே 5 ஸ்டார் கொடுக்கலாம். ரப்பர் புஷ்ஷை வண்டி தன் எடையில தரையில நிக்கற உயரத்துலதான் டைட் பண்ணணுமாம். லிஃப்ட் போட்டா அந்த உயரம் மாறுது, அப்ப போல்ட்டை லூஸ் பண்ணி மறுபடி புது உயரத்துல டைட் பண்ணியிருக்கணும். எனக்கு ஸ்பேசர் போட்ட இடத்துல அதைச் செய்யல, அதனால ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே இருந்திருக்கு, அதுக்கு மேல ரீமேப் டார்க். கூடவே 40 மிமீ தூக்கினதுல டிரைவ் ஷாஃப்ட் (வீலுக்கு பவர் கொண்டு போற தண்டு) ரெண்டும் சரிவா நிக்குது, மிதிச்சா மூக்கு இன்னும் தூக்கும், சரிவு இன்னும் கூடும், இடது வலது கோணம் ஒண்ணா இல்லாததால ரெண்டு ஜாயின்ட்டும் ஸ்டியரிங்கை வேற வேற அளவுல தள்ளும். ஸ்டியரிங்கை வீலோட இணைக்கற டை ராடும் அதே மாதிரி சாய்ஞ்சு நிக்கறதால மூக்கு ஏறி இறங்கறப்ப டோ தானா மாறும். இதையெல்லாம் பேனால படம் போட்டுக் காட்டுனாரு.

செஞ்ச வேலை: ரெண்டு பக்கமும் லோயர் ஆர்ம் அசெம்பிளியாவே புதுசு, 40 ஸ்பேசரைக் கழட்டி 20 போட்டது, போல்ட் எல்லாம் வண்டியைத் தரையில நிறுத்தி டைட் பண்ணது, கடைசியில அலைன்மென்ட். பில் 16,400. பழைய ஆர்மை டிக்கியில வெச்சு அனுப்புனாங்க, கேக்காமலே.

இப்ப ஆட்டோ மோடுல ஃபுல்லா மிதிச்சா ஸ்டியரிங் நேரா நிக்குது. டூ வீல்ல இன்னும் லேசா ஒரு இழுப்பு இருக்கு, ஆனா அது இந்த டார்க்குக்கு இருக்கும், அதுக்குன்னு பார்ட்ஸ் எதுவும் வாங்காதீங்கன்னு அவரே சொல்லிட்டாரு.

குறைன்னா, ஒரு நாள்னு சொல்லி ரெண்டு நாள் ஆச்சு, ஆர்ம் வர லேட். உக்கார இடம் கிடையாது, வெயில்ல நிக்கணும், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. போனும் நாலு தடவை அடிச்சாத்தான் எடுக்கறாங்க.

இன்னொண்ணு அவங்களா கண்டுபிடிச்சுச் சொன்னது. என் வண்டியில முன்னாடி ரெண்டும் புது டயர், பின்னாடி ரெண்டும் தேஞ்சது. டேப் வெச்சு அளந்தா ஒரு சுத்துக்கு 3 செமீ வித்தியாசம், 215/65 ஆர் 16-ல அது கிலோமீட்டருக்கு 14 மீட்டர் கிட்ட வருது. அவ்வளவு தூரமும் அந்த கப்ளிங்தான் வழுக்கி வழுக்கி சமாளிக்கணும், சூடாகி சீக்கிரம் போயிடும். டயரை அவங்க விக்கறதில்லை, வெளிய நல்ல கடையில வாங்கிக்கங்கன்னுட்டாங்க. பின்னாடி ஜோடி ஆர்டர் போட்டிருக்கேன், மாட்டுனதும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கக் கொண்டு வரச் சொல்லியிருக்காரு, காசு வேண்டாம்னு.