மால், மாடி, டப்பா: சென்னையில் மூன்று ஜப்பானியச் சாப்பாடு

போன மாதம் அக்கா மதுரையிலிருந்து வந்திருந்தாள். நான் ஜப்பானில் நகோயா நகரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது வீடியோ காலில் காட்டிய சாப்பாட்டை ஒருமுறையாவது நேரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அவள் முட்டைகூடத் தொடாத சைவம். எங்கள் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் ஜப்பானியர் ஒருவரும் எங்களோடு வந்தார். பெரிய மால் ஒன்றில், பெயர்பெற்ற இடம் என்று எல்லோரும் சொன்னதால், மூன்று பேருக்கு முன்பதிவு செய்தேன். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் பில் வந்தது. அக்கா அரை வயிற்றோடு, கண் கலங்கி வெளியே வந்தாள்.

அந்த மனவருத்தம் தீரத்தான் அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு வகைச் சாப்பாட்டைப் பார்த்தேன். ஒன்று, பழைய வீட்டு மாடியில் நடக்கும் சிறிய கடை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை பார்க்கும் ஜப்பானியர்கள் அங்கே அதிகம் வருவார்கள். இன்னொன்று, உட்கார இடமில்லாமல் ஆப் வழியாக மட்டும் விற்கும் சமையல்கூடத்தின் டப்பாச் சாப்பாடு. மூன்றிலும் முடிந்தவரை ஒரே பண்டங்களைக் கேட்டேன்: மிசோ சூப், சுஷி, மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புரா. மூன்றின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்து ஒரு கடையை எடைபோடலாம் என்பதைச் சொல்வதுதான் பயன்.

முதலில் சோறு. சுஷி என்றால் பச்சை மீன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். காடி கலந்த சோறுதான் சுஷி. மேலே வெறும் வெள்ளரிக்காய் வைத்தாலும் சுஷிதான். குட்டை அரிசியை வடிக்காமல் அளந்த நீரில் வேகவைத்து, சூடு அடங்கும் முன் அகலமான மரத்தொட்டியில் கொட்டுவார்கள். அரிசிக் காடி, சர்க்கரை, உப்பு மூன்றும் கரைந்த நீரை அதன்மேல் ஊற்றி, துடுப்பால் வெட்டுவதுபோலக் கிளறுவார்கள். பக்கத்திலேயே விசிறுவதும் உண்டு. கோயில் மடப்பள்ளியில் புளியோதரைக்குப் பருக்கை உடையாமல் சோற்றைக் கலப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்குவம் உடனே புரியும். கையால் பிடித்துத் தட்டில் வைக்கும்போது அந்தச் சோறு ஏறக்குறைய உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டால் மாவுச்சத்து இறுகிப் பருக்கை விறைத்துவிடும். நேற்றைய சோற்றைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வாயில் போட்டதுபோல இருக்கும்.

மால் கடைச் சோறு அப்படித்தான் இருந்தது. பல்லில் கடிபட்டது. காடியின் புளிப்பும் இல்லை, சர்க்கரையின் இனிப்பும் இல்லை. மேலே வைத்த சால்மன் துண்டின் நடுவில் பனி நெறுநெறுத்தது. பச்சையாகத் தரும் மீனை உறையவைப்பதில் தவறே இல்லை. அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணியைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறையவைக்கச் சொல்வது ஜப்பானிய அரசே. உறைந்த மீனைப் பக்குவமாக உருகவிடுவது கடையின் வேலை, அதைத்தான் செய்யவில்லை. மாடிக் கடையில் சோறு இளஞ்சூடாக வந்தது. வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. அங்கும் மீன் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை, நகோயாவில், நகரும் பட்டையில் தட்டுகள் சுற்றிவரும் சாதாரண சுஷிக் கடையில் கிடைக்கும் தரம்தான். ஆனால் சோறு நன்றாக இருந்ததால் தட்டு காலியானது.

டப்பாவில் வந்த சுஷியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையின் ஈரக்காற்றில் சுஷியைச் சுற்றியிருக்கும் பாசித்தாள் அரை மணி நேரத்தில் தோல்போல இழுக்க ஆரம்பித்துவிடும். பைக்கில் வரும் பச்சை மீனை எங்கள் ஊர் வெயிலில் நான் நம்பமாட்டேன், மற்றவர்களும் நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். அதே சமையல்கூடத்தில் காட்சு கறி சோறு கேட்டுப் பாருங்கள்: பிரெட் தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி, சோறு, மேலே குழம்பு. ஜப்பானியக் குழம்பு கெட்டியானது, சூடு தாங்கும், டப்பாவுக்குள் கிடந்தாலும் ருசி கெடாது. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கட்டி அனுப்பியிருந்தார்கள். யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு பண்டத்தில் டப்பா மால் கடையைவிட எனக்கு நிறைவாக இருந்தது.

அடுத்தது சூப். இந்த ஒப்பீட்டை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது. அதில் மீன் இல்லை. ஆனால் மிசோ சூப் வெறும் மிசோவும் நீரும் அல்ல. அடியில் தாஷி என்ற சாறு உண்டு. பெரும்பாலும் கொம்பு என்ற கடற்பாசியையும் கட்சுவோபுஷியையும் சூடான நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. கட்சுவோபுஷி என்றால் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல இறுகும்வரை காயவைத்துச் சீவியது. நமக்குத் தெரிந்த மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். இலங்கையில் சம்பலுக்கு இடிக்கும் அதே சூரைதான். இந்தச் சாறு மிசோ சூப்போடு நிற்பதில்லை. உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் குழம்பிலும், டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும், பல கீரைப் பண்டங்களிலும் இருக்கும். கண்ணுக்கு ஒரு மீன் துண்டும் தெரியாது.

மால் கடையில் உட்கார்ந்தவுடனே பரிமாறுபவரிடம் கேட்டேன். "சூப் சைவம்தானே? அக்கா மீன் சாப்பிடமாட்டார்."

"ப்யூர் வெஜ் சார். டோஃபுதான் போட்டிருக்கோம்."

"தாஷி எதில் போடுறீங்க?"

அவர் உள்ளே போகவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. "எல்லாம் வெஜ்தான் சார்" என்று மறுபடி சொன்னார். சூப் கடைசியில்தான் வந்தது. அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கருவாட்டு வாசனை வருதேடா" என்றாள். கூட வந்த ஜப்பானியர் தன் கிண்ணத்தைக் குடித்துப் பார்த்துவிட்டு, "கட்சுவோ இருக்கிறது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நான் மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் சமையலறைக்குள் போய்வந்து, பாக்கெட் பொடிதான் போடுகிறோம், அதில் மீன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அக்கா எதையும் தொடவில்லை. ஐம்பத்திரண்டு வருட விரதம் ஒரு கரண்டி சூப்பில் உடைந்தது அவளுக்கு. மேலாளர் அந்தச் சூப்புக்கான பணத்தை மட்டும் கழித்தார்.

மாடிக் கடைக்குப் போனபோது அக்கா இன்னும் ஊர் திரும்பவில்லை. வேண்டாம் என்றவளை நான்தான் கெஞ்சி அழைத்துப் போனேன். பரிமாறிய பெண் வடகிழக்கிலிருந்து வந்தவர், உடைந்த தமிழ். அக்கா தான் சைவம் என்று சொன்னதும், நான் வாயைத் திறக்கும் முன்னே, அவரே மெனுவில் விரல் வைத்துக் காட்டினார்: "அக்கா, இது வேணாம். இதும் வேணாம். உள்ளே மீன் தண்ணி இருக்கு." பிறகு உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, பாசியும் காய்ந்த ஷீட்டாகே காளானும் போட்டுச் சூப் தனியாக வைத்துத் தருவதாகவும், இருபது நிமிடம் ஆகும் என்றும் சொன்னார். டெம்புராவுக்குச் சாறு வேண்டாம், உப்பு தருகிறேன் என்றார். அந்தக் காளான் சாறு ஜப்பானியப் புத்த மடங்களின் சைவச் சமையலில் காலம் காலமாக இருப்பது. அக்கா கிண்ணத்தைக் கையில் பிடித்து மெதுவாகக் குடித்தாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

டப்பாவின் மூடியில் ஒரு சிறிய ஒட்டுச்சீட்டு இருந்தது: சோயா, கோதுமை, மீன். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு விற்கும் சமையல்கூடம் மூன்று சொல்லில் அச்சடித்து ஒட்டியதை, ஏழாயிரம் வாங்கும் கடை வாய் திறந்து சொல்லவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

டெம்புராவில் மூன்றுமே சுமார்தான். மாவை ஐஸ் தண்ணீரில், கட்டி கட்டியாக இருக்கும்போதே கலந்து உடனே பொரிக்க வேண்டும். அடித்துக் கரைத்தால் பஜ்ஜி மாதிரி தடித்துவிடும். மால் கடையில் தடித்திருந்தது. மாடிக் கடையில் மாவு மெல்லியதாக இருந்தாலும் எண்ணெய் அன்று பழையது, பின்வாசனை அடித்தது. டப்பாவில் மூடிய ஆவியில் நனைந்து துவண்டிருந்தது. வசாபியைப் பற்றி நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். உண்மையான வசாபிக் கிழங்கு அரிது. ஜப்பானிலேயே மலிவுக் கடைகளில் பச்சை நிறம் சேர்த்த குதிரைமுள்ளங்கி விழுதுதான்.

உபசரிப்பு. மால் கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "இரஷ்ஷைமாசே" (வாருங்கள்) என்று கத்தினார்கள். அதன் பிறகு தண்ணீர் கேட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். எனக்கு வந்த உடோனும் கூட வந்த ஜப்பானியருக்கு வந்த சோறும் அரை மணி நேர இடைவெளியில் வந்தன. நான் நகோயாவில் இருந்தபோது எண்ணூறு, தொள்ளாயிரம் யென்னுக்கு மதியச் சாப்பாடு கேட்டால் சோறு, சூப், ஊறுகாய், பொரித்தது எல்லாம் ஒரே தட்டத்தில், ஒரே நேரத்தில் வரும். எல்லாவற்றையும் மாறி மாறிச் சாப்பிடுவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சூப்பைக் கடைசியில் கொண்டுவந்தால் சாப்பாட்டின் அமைப்பே கெட்டுவிடுகிறது.

ஒன்று மட்டும் தெரியாமல் நடந்தது என்று நினைக்கிறேன். அவருக்கு வைத்த சோற்றுக் கிண்ணத்தில் இரண்டு குச்சிகளையும் நட்டு நிறுத்திக் கொண்டுவந்தார்கள், அழகுக்காக. ஜப்பானில் அப்படிச் சோற்றில் குச்சி நடுவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் படுக்கவைத்தார். பரிமாறிய பையனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தவர்கள் இதையும் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

மாடிக் கடையிலும் குறை உண்டு. மெனு சிறியது, வண்டி நிறுத்த இடமில்லை, கூட்டமான நாளில் வாசலில் நிற்க வேண்டும். விலையும் மலிவில்லை, மூன்று பேருக்கு நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் உட்கார்ந்ததும் ஈரத்துண்டும் சூடான தேநீரும் கேட்காமலே வந்தன. இரண்டுக்கும் பில்லில் எதுவும் இல்லை.

மால் கடை பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டு, அதன் மேல் ஜிஎஸ்டியும் போட்டிருந்தார்கள். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எடுக்கச் சொன்னேன். "அது ரெஸ்டாரன்ட் பாலிசி சார்" என்றார்கள். ஆணையத்தின் பெயரைச் சொன்ன பிறகு வேறு பில் வந்தது. ஜப்பானில் டிப்ஸ் வைக்கும் வழக்கமே இல்லை என்று கூட வந்தவர் மெல்லச் சொன்னார். அவர் முன்னால் இந்த வாக்குவாதம் நடந்ததில் எனக்குத்தான் சங்கடம்.

எங்கே போகலாம் என்று கேட்டால் என் பதில் இதுதான். மழை நாளில் வீட்டில் இருந்தபடி சாப்பிட டப்பா, அதுவும் கறி சோறு மட்டும். மற்றபடி மாடிக் கடை. மால் கடைக்கு அலங்காரத்தைப் பார்க்கப் போகலாம், பசியோடு போக வேண்டாம். வீட்டில் சைவம் சாப்பிடுபவர் யாராவது இருந்தால், எந்தக் கடையானாலும் உட்கார்ந்ததும் "தாஷி எதில் போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் உடனே "வெஜ்தான்" என்று சொன்னால் எழுந்துவிடுங்கள். "கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனால் நம்பி உட்காரலாம்.

அக்கா தீபாவளிக்கு மறுபடி வருகிறாள். மாடிக் கடையில் மதியச் சாப்பாட்டு ஆர்டர் இரண்டு மணியோடு நின்றுவிடும். பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.