பிரேசிலின் அவசரமும் அமெரிக்காவின் பொறுமையும்

2021இல் விலைவாசி ஏறத் தொடங்கியபோது பிரேசில் மத்திய வங்கி காத்திருக்கவில்லை. விலையேற்றத்தை அடக்க, மார்ச்சில் 2 சதவீதமாக இருந்த அடிப்படை வட்டியை 2022 ஆகஸ்டுக்குள் 13.75 சதவீதமாக்கியது. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வோ, விலையேற்றம் தானாக அடங்கிவிடும் என்று நம்பி ஓராண்டு தள்ளிப்போட்டது. 2022 மார்ச்சில்தான் முதல் வட்டி உயர்வு. ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது.

பிரேசிலின் பதற்றம் எனக்குப் புரிகிறது. 1990 மார்ச்சில் ஒரே மாதத்தில் விலைகள் 80 சதவீதத்துக்கும் மேல் ஏறிய நாடு அது. கடை ஊழியர்கள் பொருள்களில் புது விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். சம்பளம் வாங்கிய அன்றே மாதச் சாமான்களை வாங்கிவிடுவார்கள். அந்தச் சூடு கண்டவர்கள் முந்திக்கொண்டது சரியே என்பேன்.

வேலைவாய்ப்பு இரண்டு நாடுகளிலும் தாக்குப்பிடித்தது. 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் வேலையின்மை 3.4 சதவீதம்தான். பிரேசிலில் அது 2021 தொடக்கத்தில் இருந்ததில் பாதியாக 2023 இறுதிக்குள் குறைந்தது.

ஆனால் சுமை ஒரே மாதிரி இறங்கவில்லை. அமெரிக்காவில் முன்பே 3 சதவீத நிலையான வட்டியில் 30 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கியவருக்குத் தவணை மாறவே இல்லை. பிரேசில் ஏழையோ குளிர்சாதனப் பெட்டியைக்கூடத் தவணையில்தான் வாங்குகிறார்; வட்டி ஏறினால் அந்தச் சுமை அவர் தலையில்தான். 2025 ஜூனில் அங்கே அடிப்படை வட்டி 15 சதவீதம்.